மாலத்தீவுல போட்ல போயி தூண்டில் போடணுமா? நம்ம நெல்லைப் பக்கத்து ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுல ஒரு கல்யாணம் முடிஞ்சா போதும், இல்ல துபாய்ல இருந்து மச்சான் லீவுக்கு வந்தா போதும், "மாலத்தீவு போறோம், அங்க போட்ல கூட்டிட்டுப் போயி மீன் பிடிக்க விடுதாங்களாமே, எங்களுக்கெல்லாம் சரிப்பட்டு வருமா"ன்னு போன் வந்துரும். நான் அங்க ஒரு சின்ன தீவு கெஸ்ட்ஹவுஸ்ல கிச்சன்லயும், ஆள் பத்தலைன்னா போட்லயும் வேலை பாத்தவன், ஊரு திசையன்விளை பக்கம். கேக்குறவங்கள்ல முக்காவாசிப் பேரு தூண்டிலைத் தொட்டே பாக்காதவங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

அண்ணே, இந்த ஃபிஷிங் ட்ரிப்புன்னா சரியா என்ன?

மூணு நாலு வகை இருக்கு, பேரைப் பாத்து தப்பா புக் பண்ணிராதீங்க. சாயங்காலம் ஒரு அஞ்சு மணிவாக்குல கிளம்பி, பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்குற இடத்துல நங்கூரம் போட்டு, சூரியன் இறங்குற வரைக்கும் கைத்தூண்டில் போட்டுட்டு எட்டு மணிக்குள்ள திரும்பி வர்றது ஒண்ணு. காலையிலயே கிளம்பி, பவளப்பாறையில நீந்திப் பாக்குறது, ஒரு மணல்திட்டுல சாப்பாடு, திரும்புற வழியில தூண்டில்னு முழுநாளும் ஓடுறது இன்னொண்ணு. மூணாவது பிக் கேம்னு சொல்லுவாங்க, பெரிய ராடு, ஆழ்கடல், ஓடுற போட்டுக்குப் பின்னால தூண்டிலை இழுத்துட்டுப் போறது, சூரை, மயில்மீன் மாதிரி பெருசு தேடிப் போறது. ராத்திரி ஃபிஷிங் தனி.

முதல் தடவைன்னா முதல் ரெண்டுல ஒண்ணு எடுங்க. பிக் கேம் வேண்டாம்னு அடிச்சே சொல்லுதேன், காசும் பல மடங்கு, அலையும் ஜாஸ்தி, நாலு மணி நேரம் வெயில்ல உக்காந்து ஒண்ணுமே கடிக்காம வர்றதும் நடக்கும். கைத்தூண்டில்ல அப்படி இல்ல, தூண்டிலை இறக்கின கொஞ்ச நேரத்துல கீழ ஏதோ ஒண்ணு கொத்துறது விரலுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த ட்ரிப்பே.

எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது, பரவாயில்லயா?

தெரியாதவங்களுக்காகவே நடத்துற ட்ரிப்புதான் இது. தூண்டில், இரை, ஈயம் எல்லாம் போட்லயே இருக்கும், கோத்துக் குடுக்க ஆள் இருக்கும். தாமிரபரணியில குச்சித்தூண்டில் போட்டுப் பழக்கம் இருந்தா அந்தப் பொறுமை உதவும், ஆனா கை வேலை வேற.

நீச்சல் தெரியாதே?

போலாம், லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு. தூண்டில் போடுறதுக்குத் தண்ணியில இறங்க வேண்டியதே இல்ல. ஆனா ஜாக்கெட் போட்ல இருக்குன்னு சொல்லுறதும் உங்க உடம்புல இருக்குறதும் ஒண்ணு இல்ல. ஏறினதும் வாங்கி, உங்க சைஸ்தானான்னு பாத்து, பக்கிளைப் பூட்டி உக்காருங்க. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி சைஸ் வேணும், பெரியவங்க ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினா தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மேல வரும், பிள்ளை கீழ நழுவிரும். குழந்தை சைஸ் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க, இல்லன்னு சொன்னா அந்த போட்ல ஏறாதீங்க, போட்டோவுக்கு நல்லாயில்லன்னு யாரும் கழட்டவும் வேண்டாம்.

முழுநாள் ட்ரிப்ல பவளப்பாறை பாக்க இறங்குறது தனி விஷயம், நீச்சல் தெரியாதவங்க ஆளோட கையைப் பிடிச்சுட்டு ஜாக்கெட்டோட ஆழமில்லாத இடத்துல மட்டும் இறங்கலாம், மனசு வரலைன்னா போட்லயே இருக்கலாம்.

வாந்தி வருமா? பஸ்ல வளைவுல போனாலே எனக்கு வரும்.

எல்லாரும் கேக்குறது இதுதான், பாதிப் பேரு ட்ரிப்பைக் கெடுக்குறதும் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

போட் ஓடும்போது அவ்வளவா வராது. நங்கூரம் போட்டு நிறுத்தினதும் போட் அங்கயே கிடந்து ஆடும் பாருங்க, அப்பதான் வயித்தைப் பிரட்டும், அந்த நேரம் பாத்து எல்லாரும் குனிஞ்சு தூண்டில் முள்ளையும் இரையையும் பாத்துட்டு இருப்பாங்க, டீசல் புகை வேற, மீன் இரை வாடை வேற. கண்ணு பாக்குறது அசையாத போட் தளம், காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு சொல்லுறது ஆட்டம், ரெண்டும் ஒத்துப்போகலைன்னா குமட்டல். அதனால கண்ணுக்கும் ஆட்டம் தெரியணும், தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தா பாதி சரியாகிரும். தூண்டில் போடுறதுக்குக் கண்ணு தேவையே இல்ல, விரல்தான் பாக்குது, அதனால முகத்தைத் தூக்கி வச்சுக்கோங்க. போனை நோண்டவே கூடாது.

உக்கார்ற இடம் முக்கியம். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், நடுவுல இல்ல நடுவுக்குக் கொஞ்சம் பின்னால உக்காருங்க, புகை வர்ற பக்கம் வேண்டாம்.

வெறும் வயித்தோட போனா வராதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்க கிட்ட இருக்கு, அது தப்பு, வெறும் வயிறு இன்னும் மோசம். அதுக்காகப் பரோட்டா சால்னாவை அடிச்சுட்டு ஏறவும் கூடாது. ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி, பிரெட், வாழைப்பழம்னு லேசா சாப்பிடுங்க. இஞ்சி மிட்டாயோ சுக்கோ சில பேருக்குக் கேக்குது.

மாத்திரைன்னா அவோமின் மாதிரி ஒண்ணு ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, அங்க போயி சின்னத் தீவுல தேடாதீங்க. குமட்ட ஆரம்பிச்ச பிறகு முழுங்கினா பிரயோஜனம் இல்ல, ஏறுறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடணும். தூக்கம் வரும், அதனால மாத்திரை போட்டவங்களைப் போட் ஓரத்துல உக்கார வைக்காதீங்க. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குக் குடுக்கவே கூடாது, கர்ப்பமா இருக்குறவங்க, பிரஷர், கண் அழுத்தம், ப்ராஸ்டேட்னு வேற மருந்து எடுக்குறவங்க டாக்டரைக் கேக்காம போடாதீங்க.

இவ்வளவு பண்ணியும் வந்துட்டா, காத்து போற பக்கமாத் திரும்பி ஓரத்துல எடுத்துருங்க, ஒருத்தர் உங்களைப் பிடிச்சுக்கணும். போட்காரங்க தினமும் பாக்குறதுதான், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

எந்த மாசம் போறது நல்லது?

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் நல்லாருக்கும், அதுலயும் பிப்ரவரி, மார்ச் அருமை. மே மாசத்துல இருந்து தென்மேற்குப் பருவக்காத்து, நம்ம கடற்கரையில கச்சான்னு சொல்லுறாங்களே அதேதான், அங்க மழையும் அலையும் கொண்டுவந்துரும். நம்ம பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு சரியா அப்பதான் வருது, அதான் கஷ்டம். மே மாசம் ரேட் குறையுறதைப் பாத்து புக் பண்ணுறாங்க, அதுவும் ஒண்ணும் பாவம் இல்ல, நடுவுல வெயில் அடிக்குற நாளும் கிடைக்கும், ஆனா ட்ரிப் ரத்தாக வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சு போங்க. தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணிக்காரங்களே கச்சான் காலத்துல தோணியைக் கட்டிப் போட்டுருவாங்க.

என்னைக் கேட்டா பொங்கல் லீவு. அரைப்பரீட்சை லீவும் நல்லதுதான், ஆனா கிறிஸ்துமஸ், நியூ இயர்னு அந்த வாரம் விலை எங்கயோ போயிரும்.

நம்ம ஊர்ல இருந்து எப்படிப் போறது? விசா?

திருவனந்தபுரம்தான் கிட்ட. நாகர்கோவில் வழியா கார்ல போயிரலாம், அங்க இருந்து தலைநகர் மாலேக்கு விமானத்துல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. எல்லா நாளும் நேர் விமானம் இருக்காது, அதைப் பாத்துட்டு மத்ததைப் பிளான் பண்ணுங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம், அங்க இறங்கினதும் இலவசமாக் குடுப்பாங்க. தங்குற இடம் புக் பண்ண பேப்பரும் திரும்பி வர்ற டிக்கெட்டும் கையில வேணும். கிளம்புறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ள இமூகான்னு அவங்க குடியேற்றத்துறை வச்சிருக்குற தளத்துல பயண விவரம் நிரப்பணும், அது இலவசம், காசு கேக்குற தளம் வந்தா அது அவங்களது இல்ல.

கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால தள்ளி வைங்க. அஞ்சு மணி போட்டுக்கு நாலரைக்கே போயி நிக்குறவங்க உண்டு.

ரிசார்ட்டா, லோக்கல் தீவா?

காசு இருந்தா ரிசார்ட், தீவு முழுக்க அவங்களுது, எல்லாம் கைக்கு வரும். எனக்குப் பிடிச்சது லோக்கல் தீவு, மாஃபுஷி மாதிரி ஜனங்க வாழுற இடம், மாலேல இருந்து ஸ்பீட்போட்ல அரை மணி முக்கா மணி. அங்க உங்களைக் கூட்டிட்டுப் போற போட்காரர் வழக்கமா மீன்பிடிக்குற குடும்பமாவே இருப்பாரு, தூண்டில் இழுக்குறதை அவரு கையைப் பாத்துக் கத்துக்கலாம். ஒண்ணு, சாதாரண ஃபெர்ரி வெள்ளிக்கிழமை ஓடாது, அன்னைக்கு இறங்குற மாதிரி டிக்கெட் எடுத்தா ஸ்பீட்போட்டுக்குத் தனியா காசு எடுத்து வைங்க.

செலவு எவ்வளவு ஆகும்?

சீசனுக்குத் தக்க மாறுற விலையை நான் இங்க எழுதினா நாளைக்கே பொய்யாயிரும். கேக்க வேண்டிய கேள்வியைச் சொல்லுதேன். விலை தலைக்கா, போட்டுக்கா? பல பேரோட சேந்து போற குரூப் ட்ரிப் தலைக்கு இவ்வளவுன்னு டாலர்ல இருக்கும், நம்ம குடும்பமே ஏழெட்டுப் பேரு இருந்தா மொத்த போட்டையும் எடுக்குறது பல நேரம் லாபம், அதோட பாட்டி முடியலன்னா உடனே திரும்பலாம், வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம். வரி சேத்தா, சேக்காமலா? பிடிச்ச மீனைச் சமைச்சுக் குடுக்க தனிக் காசா? எத்தனை பேரு வரைக்கும் ஏத்துவாங்க? இது நாலையும் வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க.

ரூம் வாடகை போக கிரீன் டாக்ஸ்னு ஒண்ணு உண்டு, 2025 ஜனவரியில இருந்து சின்ன கெஸ்ட்ஹவுஸுக்கு ஆளுக்கு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டுக்கு 12 டாலர். நாலு பேரு நாலு நாள்னா அதுவே ஒரு தொகை வந்துரும், கணக்குல சேத்துக்கோங்க.

போட்ல பாத்ரூம் இருக்குமா?

பெண்கள் பாதிப் பேரு கேக்கக் கூச்சப்பட்டுட்டு கடைசியில தண்ணி குடிக்காமலே வர்றாங்க, வெயில்ல அது தலைவலியில கொண்டு விடும். கூரை போட்ட பெரிய தோணியில பாத்ரூம் உண்டு, சின்ன ஸ்பீட்போட்ல கிடையாது. முழுநாள் ட்ரிப்னா நிழலும் பாத்ரூமும் இருக்குற தோணிதான் வேணும்னு சொல்லியே புக் பண்ணுங்க. மெதுவாத்தான் போகும், ஆனா ஆட்டம் கம்மி, குடும்பத்துக்கு அதான் தோது.

என்ன போட்டுக்கிட்டு போகணும், என்ன எடுத்துக்கணும்?

முழுக்கை காட்டன் சட்டை, கழுத்தை மறைக்குற தொப்பி, கயிறு கட்டின கூலிங்கிளாஸ். நம்ம வெயிலைப் பாத்த உடம்புதானேன்னு யாரும் நினைக்காதீங்க, கீழ இருந்து தண்ணியும் வெயிலைத் திருப்பி அடிக்கும், மூக்கும் காதுமடலும் உரிஞ்சிரும். போட்ல ஏறும்போது செருப்பைக் கழட்டச் சொல்லுவாங்க. முடியைப் பின்னிக்கோங்க, சேலை வேண்டாம், சுடிதார் பேன்ட் போடுங்க. துப்பட்டா தூண்டில்ல மாட்டும், ரூம்லயே வச்சுட்டு வாங்க.

மெல்லிசா ஒரு ஜோடி கையுறை, ஊர்ல ஹார்டுவேர் கடையில ரப்பர் பூசினது கிடைக்கும், அதுவே போதும். தண்ணி பாட்டில், துண்டு, தண்ணி போகாத போன் கவர், சாயங்கால ட்ரிப்னா திரும்பும்போது குளிருக்கு ஒரு சட்டை.

சரி, தூண்டில் எப்படிப் போடணும், அதைச் சொல்லுங்க.

ராடு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் வளையத்துல தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, சுத்தியிருக்கும், நுனியில ஈயக்குண்டு, அதுக்குப் பக்கத்துல முள்ளு. இரை பெரும்பாலும் சூரைமீன் துண்டு. துண்டைச் சும்மா தொங்க விட்டா கீழ உள்ளது உருவிட்டுப் போயிரும், தோலு பக்கமா குத்தி, திருப்பி இன்னொரு தடவை குத்தி, முள் நுனி மட்டும் லேசாத் தெரியுற மாதிரி கோக்கணும்.

வீசக் கூடாது. பக்கத்துல ஆளு இருக்கு, முள்ளு அவங்க கண்ணுல போகும். போட் ஓரத்துல நேரா கீழ இறக்குங்க. தங்கூசி விரல் மேல ஓடிக்கிட்டே போகும், 10 பாகம், 15 பாகம் போயிட்டு திடீர்னு தளரும். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், நம்ம உவரிக்காரங்க ஆழம் சொல்லுற கணக்குதான். தளர்ந்தா ஈயம் தரையைத் தொட்டாச்சு. உடனே ஒண்ணு ரெண்டு முழம் மேல தூக்கிப் பிடிங்க. இந்த ஒரு விஷயத்தை மறக்குறவங்கதான் மீன் இல்லாம வர்றாங்க, ஈயத்தைத் தரையில போட்டு வச்சிருந்தா முள்ளு பாறையில மாட்டும், ரொம்பத் தூக்கினா பார் மீனு அவ்வளவு தூரம் மேல வராது. போட் ஆடிக்கிட்டே இருக்கும், நீரோட்டம் தூண்டிலைச் சாய்க்கும், அதனால ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா மறுபடி தரையைத் தொட்டுப் பாத்துக்கணும்.

இப்போ தங்கூசியை ஆள்காட்டி விரல் மேல போட்டு சும்மா இருங்க. முதல்ல டிக், டிக்னு சின்னதா கொத்தும், அது சின்ன மீனு இரையைப் பிச்சுத் தின்னுறது, அதுக்கெல்லாம் இழுக்காதீங்க. பொறுத்திருந்தா நாடி பாக்குறப்ப விரலுக்குத் துடிப்பு தெரியுற மாதிரி ஒரு அழுத்தம் வரும், அது கனத்து கீழ இழுக்கும், அப்போ ஒரு முழம் வெடுக்குன்னு மேல இழுங்க, பிறகு நிறுத்தவே கூடாது. ஒரு கை மாத்தி ஒரு கை, ஒரே வேகம். நடுவுல நின்னு "மாட்டிருச்சு மாட்டிருச்சு"ன்னு கத்தினா தங்கூசி தளரும், தளர்ந்தா மீனு கழட்டிட்டுப் போயிரும்.

இழுத்த தங்கூசி காலடியில வட்டமா விழும், அதுக்குள்ள காலை வைக்காதீங்க. கையில சுத்திக்கவும் கூடாது, எவ்வளவு சின்ன மீனா இருந்தாலும் சரி. பெருசு ஒண்ணு திடீர்னு இழுத்தா தங்கூசி விரலை அறுத்துரும், கையுறை எடுத்துட்டு வரச் சொன்னது இதுக்குத்தான்.

பாறையில மாட்டிக்கிட்டா எப்படித் தெரியும்னா, அதுல துடிப்பு இருக்காது, போட் தூக்கும்போது கனக்கும், இறங்கும்போது விடும். பலமா இழுக்காம ஆளைக் கூப்பிடுங்க, அவரு போட்டுக்கு அந்தப் பக்கம் போயி வேற கோணத்துல எடுத்துருவாரு. பக்கத்து ஆளு தூண்டிலோட சிக்கிக்கிட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுக்காதீங்க, ஒருத்தர் தளர விடணும்.

என்ன மீனு மாட்டும்? நம்ம ஊர் பேர்ல சொல்லுங்க.

விளமீன், களவா, சங்கரா வகை சிவப்பு மீனுங்க, பாறை, அப்பப்போ ஊளி. பெரிய கண்ணு வச்ச சின்னச் சிவப்பு மீனு ஒண்ணு, இருட்ட ஆரம்பிச்சதும் நிறைய வரும், செதில் சொரசொரன்னு இருக்கும், சின்னதுன்னா விட்டுருங்க. கிளாத்தியும் மாட்டும், அதுக்குப் பல்லு உளி மாதிரி, வாய்ப்பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க.

பாளை மார்க்கெட்ல வாங்குற அளவுக்குப் பெருசா இருக்கும்னு எதிர்பாக்க வேண்டாம். ஒரு கையளவு, ரெண்டு கையளவுதான் சாதாரணமா வரும். ஒரு போட்டுக்கு ராத்திரி எல்லாரும் ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிடுற மாதிரி கிடைச்சா நல்ல நாள்.

தொடக்கூடாத மீனு உண்டா? முள்ளு குத்திட்டா?

ஒரு விதி வச்சுக்கோங்க, எந்த மீனையும் முள்ளுல இருந்து நீங்களா கழட்டாதீங்க, ஆளு கழட்டுவாரு. சிறகை விரிச்ச மாதிரி கோடு கோடா ஒண்ணு, கல்லு மாதிரியே ஒண்ணு, ரெண்டுக்கும் முதுகு முள்ளுல விஷம். திருக்கைக்கு வாலுல. பேத்தை ஊதிக்கிட்டு வரும், பிள்ளைங்க ஆசைப்பட்டுத் தூக்கும், அதோட விஷம் உடம்புக்குள்ள, சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து.

விஷமுள்ளு குத்திட்டா, தாங்குற அளவு சூடான தண்ணியில, 45 டிகிரிக்கு மேல போகாம, குத்தின இடத்தை முக்கி வைங்க, அரை மணியில இருந்து ஒண்ணரை மணி நேரம். சூடு வலியை நல்லாக் குறைக்கும். தண்ணி சூட்டைக் குத்தாத கையால பாருங்க, வலிக்குற கைக்குச் சூடு சரியாத் தெரியாம வெந்துரும். அப்புறம் தீவுல இருக்குற ஹெல்த் சென்டருக்குப் போயிரணும். தூண்டில் முள்ளு விரல்ல ஆழமா ஏறிட்டா உருவக் கூடாது, தங்கூசியை அறுத்துட்டு முள்ளோட போயி எடுங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்பப் போட்டோம்னு ஊர்ல இருந்தே பாத்துட்டுக் கிளம்புங்க.

சுறா மாட்டினா வச்சுக்கலாமா?

கூடாது. மாலத்தீவுல 2010-ல சுறா பிடிக்குறதுக்குத் தடை போட்டாங்க, பார்ச் சுறாவைத் தொடவே கூடாது. ஆமை, திருக்கை அதுவும் தடைதான். சின்னப் பார்ச் சுறா சில நேரம் மாட்டும், போட்டுக்குள்ள தூக்காம ஓரத்துலயே தங்கூசியை அறுத்து விட்டுருவாங்க. போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டச் சொல்லி ஆளை வற்புறுத்தாதீங்க, அவரு பிழைப்பு அது. அங்க சுறா உயிரோட இருக்குறதைப் பாக்கத்தான் ஆளுங்க காசு குடுத்து வர்றாங்க.

சின்ன மீனைத் திருப்பி விடணும்னா கையை நனைச்சுட்டுப் பிடிங்க, காஞ்ச கையில அதோட மேல்வழுவழுப்பு உரிஞ்சு போயிரும். தண்ணிக்குள்ள எறியாம இறக்கி விடுங்க.

அவங்க ஏன் வலை போடாம தூண்டிலே போடுதாங்க?

இந்தக் கேள்வி ஒரு தாத்தா கேட்டாரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. மாலத்தீவோட முக்கியமான மீனு சூரை, அதைக் காலங்காலமா ஒத்தைத் தூண்டில்லதான் பிடிக்குதாங்க. உயிரோட இருக்குற சின்ன மீனைக் கடல்ல வீசி, தண்ணியை மழை மாதிரி தெளிச்சு, கூட்டத்தைப் போட்டுக்குப் பக்கத்துல கூட்டி, கம்புல கட்டின தூண்டிலால ஒண்ணொண்ணா பின்னால தூக்கிப் போடுவாங்க. முள்ளுல எதிர்முள்ளு இருக்காது, அதனால மீனு தளத்துல விழுறப்பவே தானா கழண்டுரும். வேண்டாத மீனு, ஆமை, குஞ்சுன்னு வாரிக்கிட்டு வராது. 2012-ல அவங்க சூரை மீன்பிடிப்புக்கு, கடல்வளம் கெடாம மீன் பிடிக்குறவங்களுக்குக் குடுக்குற எம்.எஸ்.சி. சான்றிதழே கிடைச்சுது.

நம்ம சமையல்கட்டுக்கும் அந்த மீனுக்கும் பழைய உறவு உண்டு. காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் மாசின்னு வாங்குறோமே, கட்டை மாதிரி காஞ்சு, இடிச்சு சம்பல்ல போடுறது, அது இந்தச் சூரையை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காய வச்சதுதான். 1343-வாக்குல அங்க போயி காஜியா, அதாவது இஸ்லாமிய நீதிபதியா, இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதாவே இந்தக் காஞ்ச மீனு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் போறதை எழுதி வச்சிருக்காரு. முடிஞ்சா ஒரு நாள் சாயங்காலம் மாலே மீன் மார்க்கெட்டுக்குப் போங்க, போட் வந்து இறக்குறதைப் பாத்தா தூண்டில் போட்ட கைக்கு அதோட அருமை தெரியும்.

பிடிச்ச மீனை என்ன பண்ணுறது? ஊருக்குக் கொண்டு வரலாமா?

அன்னைக்கு ராத்திரியே கெஸ்ட்ஹவுஸ்ல சுட்டோ பொரிச்சோ குடுப்பாங்க. வீட்டு மீன் மசாலாப் பொடி ஒரு பாக்கெட் கொண்டு போனா கிச்சன்ல சந்தோஷமா வாங்கிப் போட்டுக் குடுப்பாங்க, நான் இருந்தப்ப அப்படித்தான். அவங்க கருதியாவும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க, சூரையை உப்புத்தண்ணியில கொதிக்க வச்ச தெளிஞ்ச சாறு, சோத்துல ஊத்தி எலுமிச்சை, பச்சைமிளகாய், வெங்காயம் கடிச்சுக்கணும். காலையில மாஸ் ஹுனி, தேங்காய்த்துருவலும் சூரையும் பிசைஞ்சது, நம்ம நாக்குக்கு உடனே ஒட்டிரும்.

ரொம்பப் பெரிய களவா, ஊளி, பார்ல இருக்குற பெரிய விலாங்கு இதெல்லாம் கிடைச்சாலும் சாப்பிடாதீங்க. பார் பாசியில உண்டாகுற சிகுவாடெரான்னு ஒரு நஞ்சு சின்ன மீன்ல இருந்து பெரிய மீனுக்குப் போயிச் சேந்துக்கிட்டே இருக்கும், எவ்வளவு வேக வச்சாலும் போகாது, ருசியிலயும் தெரியாது. சின்னதா நடுத்தரமா உள்ளதே பாதுகாப்பு.

ஊருக்குன்னா பச்சை மீனைத் தூக்கிட்டு அலையாதீங்க, பேக்கெட் போட்ட மாசி வாங்கிட்டு வாங்க. பவளம், ஆமை ஓடு இதெல்லாம் அங்க இருந்து வெளிய கொண்டு வரத் தடை, கரையில பொறுக்கினதுன்னாலும் ஏர்போர்ட்ல மாட்டுவீங்க.

பிள்ளைங்க, வயசானவங்க, மாசமா இருக்குறவங்க?

அஞ்சாறு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்க நல்லா அனுபவிக்கும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியாளுன்னு கூட இருக்கணும். முட்டிவலி உள்ள பெரியவங்களுக்குக் கஷ்டம் போட்ல இல்ல, ஏறி இறங்குற இடத்துலதான், படி இருக்குற படகுத்துறையான்னு கேட்டுக்கோங்க. மாசமா இருக்குற பிள்ளைங்க ஸ்பீட்போட் வேண்டவே வேண்டாம், அது அலையில அடிச்சு அடிச்சுப் போகும். மெதுவான தோணின்னாலும் டாக்டர் சரின்னு சொன்னா மட்டும்.

நாங்க சைவம், சும்மா போலாமா?

தாராளமா. கடல் பாக்க வந்தோம்னு முதல்லயே சொல்லிருங்க, வழியில டால்பின் கூட்டம் வந்தாலும் வரும். சாப்பாடு விஷயம் மட்டும் ரெண்டு தடவை சொல்லணும், அங்க காய்கறி சாப்பாட்டுலயும் மாசி சேர வாய்ப்பு உண்டு.

பீர் எடுத்துட்டுப் போலாமா?

கூடாது. லோக்கல் தீவுல மது கிடையாது, வெளிய இருந்து கொண்டு போனா ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. ஊருக்குள்ள நடக்கும்போது தோளும் முட்டியும் மறைக்குற துணி போடுங்க.

இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நம்ம உவரி, மணப்பாடு போட்லயே காசு குடுத்துப் போக முடியாதா?

எனக்கும் ஆசைதான், நம்ம கடல் ஒண்ணும் கொறஞ்சது இல்ல. ஆனா நம்ம கரையில இருக்குற பைபர் வள்ளம் தொழில் பண்ணுற வள்ளம், பயணிக்கான இருக்கை கிடையாது, விருந்தாளிக்குன்னு ஜாக்கெட் கிடையாது, அது மீன்பிடிக்கப் பதிவு பண்ணினது. நீங்க நோட்டை நீட்டினா மனசு கேக்காம ஏத்திருவாங்க, ஏதாவது ஆயிட்டா அந்தக் குடும்பத்துக்குத்தான் கேஸும் பழியும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம் வேற. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள 21 தீவும் 1986-ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் ஒதுங்கவே கூடாது. கரையில ஏலம் நடக்குறப்ப போயி நில்லுங்க, மீனு வாங்குங்க, அவங்ககிட்ட பேசுங்க, மாலத்தீவுல மாட்டப்போற பாதி மீனோட பேரையும் முகத்தையும் அங்கயே தெரிஞ்சுக்கலாம்.

கடைசி நேரத்துல ட்ரிப்பை ரத்து பண்ணிட்டாங்கன்னா?

கேப்டன் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான், மேல காசு தர்றேன்னு கெஞ்சாதீங்க. கரையில இருந்து பாத்தா கடல் சும்மா இருக்குற மாதிரிதான் தெரியும், பாருக்கு வெளிய என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். காத்து மழையால அவங்க ரத்து பண்ணினா முழுக்காசும் திரும்ப வருமா, வேற நாள் தருவாங்களான்னு முன்னாடியே கேட்டு வைங்க. நான் எல்லாருக்கும் சொல்லுறது, தூண்டில் ட்ரிப்பைக் கடைசி நாளுக்கு வைக்காதீங்க, போன ரெண்டாவது நாளே போடுங்க. அன்னைக்கு நடக்கலைன்னா மூணாவது நாள் இருக்கு, வாந்தி எடுத்துப் படுத்தாலும் மறுநாளே விமானம் ஏற வேண்டிய அவசரம் இருக்காது.